இதயம் பிழைத்தது... மனசு?

புரட்டாசி மாதம். சம்பா நடவு மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. திருவையாற்றுக்குப் பக்கத்தில், குடமுருட்டிக் கரையோரக் கிராமம் ஒன்றில் இருக்கிறார் என் பெரியப்பா. மூன்று ஏக்கர் நிலம், இரண்டு மாடு, 58 வயசு. வரப்பில் நின்று நாற்று முடிகளை வீசிக்கொண்டிருந்தவர் சட்டென்று உட்கார்ந்துவிட்டார். நெஞ்சை அமுக்குகிற வலி, இடது தோளில் இறங்கிய கடுப்பு, குளித்து எழுந்தாற்போல் வியர்வை.

"வாயுதான். ஒரு சோடா குடிச்சா சரியாப் போயிடும்" என்று சொல்லியே அரை மணி நேரம் போய்விட்டது. நல்ல வேளை, நடவுக்கு வந்திருந்த ஓர் அம்மாள், "ஐயா மொகம் வெளுத்துப் போச்சுங்க, 108-க்குப் போனைப் போடுங்க" என்று சத்தம் போட்டிருக்கிறாள். தஞ்சாவூருக்குக் கொண்டுபோய், அடைத்திருந்த ரத்தக் குழாயைத் திறந்து ஸ்டென்ட் வைத்தார்கள். ஆறாம் நாள் வீடு திரும்பினார்.

உறவு ஜனமெல்லாம் ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். "பெரிய கண்டம் தப்பிச்சுது" என்றார்கள். பெரியம்மா ஐயனார் கோயிலுக்குப் போய்ப் பொங்கல் வைத்தாள். எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தோம்.

தீபாவளிக்கு நான் போயிருந்தேன். வழக்கமாக விடியற்காலை நாலு மணிக்கே டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு மடை பார்க்கக் கிளம்புகிற மனுஷர், விடிந்து வெகுநேரம் ஆகியும் திண்ணையில் சாய்ந்து உத்தரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "பெரியப்பா, வாய்க்கால்ல தண்ணி கரை புரண்டு வருது" என்றேன். "வரட்டும்" என்றார். அவ்வளவுதான்.

அடுக்களைக்குள் வந்தால் பெரியம்மா கிசுகிசுக்கிறாள்: "டாக்டர் நல்லா ரெஸ்ட் எடுக்கச் சொல்லியிருக்காங்க கண்ணு. அவுங்களும் எடுக்கிறாங்க. என்ன, ராத்திரி மூணு மணிக்கே எந்திரிச்சு ஒக்காந்துக்கிறாங்க. சோறு ரெண்டு வாய்க்கு மேல எறங்கலை. பேரன் மடியிலே ஏறினா எறக்கி விட்டுடறாங்க. முன்னே எல்லாம் அப்படியா?"

மறுநாள் வீட்டைத் துடைக்கும்போதுதான் அது அகப்பட்டது. டாக்டர் புகையிலையை நிறுத்தச் சொன்னதிலிருந்து பெரியப்பாவின் வெற்றிலைச் செல்லம் சும்மா கிடந்தது. திறந்தால் உள்ளே பதினோரு மாத்திரைகள்! நாள் தவறாமல் பெரியம்மா கையில் வைத்துக் கொடுத்தவை. "என்னங்க இது?" என்று அவள் பதறிக் கேட்டபோது பெரியப்பா நிதானமாகச் சொன்னார்: "அதெல்லாம் போட்டு என்ன ஆகப் போவுது? எனக்குச் செலவு பண்ணினது போதும்."

அந்த ஒரு வார்த்தைதான் என்னை இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. டாக்டர்களிடம் கேட்டும் படித்தும் நான் தெரிந்துகொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். நம்மில் எத்தனையோ வீடுகளில் அப்பாவோ, மாமனாரோ, கணவரோ இப்படி ஒரு திண்ணையில் உட்கார்ந்திருக்கலாம்.

ஓய்வா, சோர்வா?

மாரடைப்பு வந்து மீண்டவருக்குப் பயமும் வருத்தமும் இருப்பது இயற்கை. சாவை வாசற்படி வரை பார்த்துவிட்டு வந்தவர் அல்லவா? முதல் சில நாட்கள் அழுவார், எரிந்து விழுவார், நெஞ்சில் சின்னதாக ஒரு சுருக்கென்றாலும் நடுங்குவார். பெரும்பாலோருக்கு இது நாளாக ஆகக் குறைந்து, பழைய வேலைகளில் மனசு திரும்பும்.

ஆனால், ஐந்து பேரில் ஒருவருக்கு அப்படிக் குறைவதில்லை. அது 'டிப்ரஷன்' என்று டாக்டர்கள் சொல்லும் மனச்சோர்வாக நிலைத்துவிடுகிறது. இது கோழைத்தனமும் இல்லை, சோம்பலும் இல்லை, வீட்டார் மேல் உள்ள கோபமும் இல்லை. மாரடைப்பைப் போலவே இதுவும் ஒரு வியாதி.

எப்படிக் கண்டுபிடிப்பது? டாக்டர்கள் முதலில் கேட்பது இரண்டே கேள்விகள்தாம். கடந்த இரண்டு வாரங்களில், முன்பு பிடித்திருந்த காரியங்களில் நாட்டமோ சந்தோஷமோ இல்லாமல் இருக்கிறதா? மனசு தளர்ந்து, எதிர்காலமே இல்லை என்பது போல் இருக்கிறதா? பெரும்பாலான நாட்களில் "ஆமாம்" என்று பதில் வந்தால், மேற்கொண்டு விசாரிக்க வேண்டும் என்று அர்த்தம். இந்தக் கேள்விகளை வீட்டிலேயே நாமும் கேட்கலாம்.

இன்னொரு விஷயம். நம் ஊரில் ஆண்பிள்ளைகள் "எனக்கு மனசு சரியில்லை" என்று வாய்விட்டுச் சொல்வது அபூர்வம். "ஒடம்பு அசதியா இருக்கு", "பசியே இல்லை", "தூக்கம் பிடிக்கலை", "நெஞ்சு படபடங்குது" என்றுதான் சொல்வார்கள். இதயநோயாளி இப்படிச் சொல்லும்போது எல்லோரும் இதயத்தையே பார்க்கிறோம். இ.சி.ஜி. எடுத்துப் பார்த்தால் பழுதில்லை. "ஒண்ணுமில்லை, தைரியமா இருங்க" என்று அனுப்பிவிடுகிறோம். ஒன்றுமில்லாமல் இல்லை, பார்க்க வேண்டிய இடம் வேறு!

தமிழில் 'நெஞ்சு' என்ற ஒரே சொல் மார்பையும் குறிக்கிறது, மனசையும் குறிக்கிறது. திருக்குறளில் 'நெஞ்சொடு கிளத்தல்' என்றே ஓர் அதிகாரம் உண்டு. நம் முன்னோர் இரண்டையும் பிரித்துப் பார்க்கவில்லை. நாம்தான் ஒன்றை ஆஸ்பத்திரிக்கும் மற்றொன்றைத் தலைவிதிக்கும் விட்டுவிட்டோம்.

எண்கள் சொல்லும் எச்சரிக்கை

"மனசு சோர்ந்தால் என்ன, உயிரா போய்விடும்?" என்று கேட்பவர்கள் உண்டு. அதற்குப் பதில் 1993-ல் கிடைத்தது. கனடா நாட்டில் மான்ட்ரியல் நகரத்து டாக்டர்கள், மாரடைப்பு வந்து பிழைத்த 222 பேரை ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே விசாரித்து, ஆறு மாதம் கவனித்து வந்தார்கள். மனச்சோர்வு இல்லாதவர்களோடு ஒப்பிட்டால், கடுமையான மனச்சோர்வு இருந்தவர்களுக்கு அந்த ஆறு மாதத்தில் மரணம் நேரும் அபாயம் ஏறக்குறைய நாலு மடங்கு இருந்தது. இதயம் எவ்வளவு பழுதுபட்டிருந்தது என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகுதான் இந்த நாலு மடங்கு!

2004-ல் வெளியான 'இன்டர்ஹார்ட்' ஆராய்ச்சி இன்னும் பெரியது. கேரளத்தில் பிறந்து கனடாவில் பணியாற்றும் டாக்டர் சலீம் யூசுஃப் தலைமையில், இந்தியா உட்பட 52 நாடுகளில் சுமார் 30,000 பேரை ஆராய்ந்தார்கள். மாரடைப்புக்கு முக்கியக் காரணங்களாக ஒன்பது வந்தன. புகை, கொழுப்பு, ரத்தக்கொதிப்பு, சர்க்கரை வியாதி இவற்றோடு, மனக்கவலையும் மனச்சோர்வும் சேர்ந்த ஒன்றும் அந்த வரிசையில் இருந்தது.

2014-ல் அமெரிக்க இதயச் சங்கத்தின் நிபுணர் குழு, மாரடைப்புக்குப் பின் வரும் மனச்சோர்வையும் ஓர் அபாயக் காரணமாகவே கருத வேண்டும் என்று அறிவித்தது. அதாவது சர்க்கரையைப் பார்ப்பது போல, ரத்தக்கொதிப்பைப் பார்ப்பது போல, மனசையும் பார்க்க வேண்டும்.

மனசுக்கும் ரத்தக் குழாய்க்கும் என்ன சம்பந்தம்?

இரண்டு வழிகளில் சம்பந்தம் உண்டு. முதல் வழி, நம் வெற்றிலைச் செல்லத்தில் இருந்தது! மனசு சோர்ந்தவர் மாத்திரை போட மாட்டார், நடக்க மாட்டார், விட்ட பீடியையும் புகையிலையையும் மறுபடி எடுப்பார், மறுபரிசோதனைக்குப் போக மாட்டார். ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை கொடுப்பார்கள். டாக்டர் சொல்லாமல் அதை நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் கட்டிக்கொள்ளக் கூடும். அது மறு மாரடைப்பு. பெரியப்பா ஒளித்து வைத்த பதினொன்றில் அந்த மாத்திரையும் இருந்தது. நினைத்தால் இப்போதும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

இரண்டாவது வழி உடம்புக்குள்ளேயே நடப்பது. நாம் பயந்தால் நெஞ்சு படபடக்கிறது அல்லவா? அட்ரினலின், கார்ட்டிசால் போன்ற சுரப்புகள் செய்யும் வேலை அது. மனச்சோர்வு உள்ளவர்களுக்கு இந்தச் சுரப்புகள் ஓயாமல் ஊறிக்கொண்டே இருக்கக்கூடும். ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் ஒன்றோடொன்று எளிதில் ஒட்டிக்கொள்ளும். ரத்தக் குழாய்ச் சுவர்களில் அழற்சி கூடும். இதயத்துடிப்பு சமயத்துக்கு ஏற்றாற்போல் ஏறி இறங்குகிற நயமும் குறையும். ஏற்கெனவே அடிபட்ட இதயத்துக்கு இவ்வளவும் சுமைதானே?

நம் ஊர் மண், நம் ஊர் மனசு

காவிரிப் பாசனத்தில் வாழ்கிற நமக்கு இன்னொன்றும் உண்டு. இங்கே மனுஷன் மனசு மேட்டூர் அணையின் தண்ணீர் மட்டத்தோடு சேர்ந்து ஏறும், இறங்கும். ஜூன் 12-ல் அணை திறந்தால் குறுவை. தள்ளிப் போனால் கவலை. சம்பாவும் தப்பினால் கடன்.

2016-ஐ யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த வருஷம் மேட்டூர் திறந்ததே செப்டம்பர் 20-ல்தான். வடகிழக்குப் பருவமழையோ வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைந்தது. பால் பிடிக்க வேண்டிய பயிர் நின்றபடியே கருகியது. கருகிய வயலைப் பார்த்த அதிர்ச்சியில் மாரடைப்பு வந்து விவசாயி இறந்தார் என்று தஞ்சை, நாகை, திருவாரூர் ஜில்லாக்களிலிருந்து அன்றாடம் செய்தி வந்தது. 2017 ஜனவரி 10-ல் மாநிலம் முழுவதும் வறட்சி என்று அரசு அறிவித்தது. எந்தச் சாவு பயிரால் வந்தது, எது வியாதியால் வந்தது என்று அப்போது பெரிய வாதமே நடந்தது.

2018 நவம்பர் 16-ல் கஜா புயல். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் பிள்ளைகளைப் போல் வளர்த்த தென்னைகள் ஒரே ராத்திரியில் சாய்ந்தன. அதற்குப் பின் எத்தனை பேர் தோப்புப் பக்கமே போகாமல் முடங்கிக் கிடந்தார்கள் என்பது அந்த ஊர்ப் பெண்களுக்குத் தெரியும்.

இந்த மண்ணில் வேலை செய்கிறவனுக்கு வேலைதான் மரியாதை. மாரடைப்பு வந்தபின் "மம்முட்டியைத் தொடாதே, மூட்டை தூக்காதே" என்று சொல்லும்போது நாம் உடம்பைக் காப்பாற்றுகிறோம். ஆனால், அவர் காதில் விழுவது "இனிமேல் நீ உதவ மாட்டாய்" என்பதுதான். ஆஸ்பத்திரிச் செலவுக்கு வாங்கிய கடனும் அதோடு சேர்ந்துகொண்டால்? பெரியப்பா சொன்ன "செலவு பண்ணினது போதும்" என்பது அங்கிருந்து பிறந்த வார்த்தை.

"எனக்கு என்ன பைத்தியமா?"

பெரியம்மா அதிகம் படிக்காதவள். ஆனால், அவள் செய்த காரியத்தைப் பாருங்கள். அந்தப் பதினோரு மாத்திரைகளையும் ஒரு காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு, மறு வாரம் பெரியப்பாவோடு இதய டாக்டரிடம் போனாள். மேஜை மேல் பொட்டலத்தைப் பிரித்து வைத்து, "இதையெல்லாம் அவுங்க போடலைங்க. தூங்கறதும் இல்லைங்க. பேசறதும் இல்லைங்க" என்றாள்.

டாக்டர் அந்த இரண்டு கேள்விகளைக் கேட்டார். பெரியப்பா தலையைக் குனிந்துகொண்டு "ஆமாங்க" என்றார். ரத்தசோகை இருக்கிறதா, தைராய்டு குறைவா என்று பரிசோதித்தார்கள். அவற்றாலும் இப்படி அசதி வருமாம். அதெல்லாம் சரியாக இருக்கவே, மனநல டாக்டருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அங்கேதான் தகராறு. "எனக்கு என்ன பைத்தியமா?" என்று பெரியப்பா எழுந்துவிட்டார்.

'கீழ்ப்பாக்கம்' என்ற ஊர்ப் பேரையே வசவாக்கி வைத்திருக்கிறோமே, அதன் பலன் இது. அந்தக் கீழ்ப்பாக்கம் மருத்துவமனைக்கே பல வருஷம் தலைமை வகித்தவர் ஒரு பெண்மணி: டாக்டர் சாரதா மேனன். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர். மனநோயும் மற்ற நோய்களைப் போன்றதுதான் என்று சொல்லிச் சொல்லியே உழைத்து, 1984-ல் சென்னையில் 'ஸ்கார்ஃப்' அமைப்பையும் தொடங்கி, 2021 டிசம்பரில் 98 வயதில் மறைந்தார். அவர் அவ்வளவு சொல்லியும் நாம் இன்னும் கூச்சப்படலாமா?

பெரியம்மா சாமர்த்தியக்காரி. "பைத்தியம்னு யாருங்க சொன்னா? தூக்கம் வரலைன்னு காட்டத்தானே போறோம்?" என்று அழைத்துப் போய்விட்டாள்.

என்ன சிகிச்சை?

மனச்சோர்வுக்குப் பேச்சு வழியாகவும் சிகிச்சை உண்டு, மாத்திரை வழியாகவும் உண்டு. பலருக்கு இரண்டும் சேர்ந்து தேவைப்படும். இதயநோயாளிகளுக்கு எல்லா மாத்திரையும் ஒத்துக்கொள்ளாது. பழைய ரக மருந்துகள் சில, இதயத்துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்கக் கூடியவை. புதிய ரகத்தில் செர்ட்ராலின் என்ற மருந்தை, சமீபத்தில் மாரடைப்போ கடும் நெஞ்சுவலியோ வந்த 369 பேரிடம் சோதித்து, இதயத்துக்குக் கெடுதல் செய்யவில்லை என்று 2002-ல் அறிவித்தார்கள்.

ஆகவே மருந்துக்கடையில் "தூக்கத்துக்கு ஒண்ணு கொடுங்க" என்று நாமாக வாங்கக் கூடாது. மனநல டாக்டரிடம் போகும்போது இதய டாக்டர் எழுதிய சீட்டுகள் அத்தனையும் கையில் இருக்கட்டும். ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரைகளோடு மனச்சோர்வு மாத்திரை சேரும்போது சிலருக்கு ரத்தக்கசிவு வரலாம். அதை டாக்டர் கணக்குப் பார்த்துக் கொடுக்க வேண்டும். இன்னொன்று: இந்த மாத்திரை போட்ட அன்றே வேலை செய்யாது. இரண்டு முதல் ஆறு வாரம் பிடிக்கும். "போட்டு ஒண்ணும் ஆகலை" என்று பாதியில் விடவும் கூடாது, குணமாகிவிட்டது என்று திடீரென்று நிறுத்தவும் கூடாது.

மனச்சோர்வைத் தீர்த்தால் ஆயுசு கூடுமா? உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். 2003-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆராய்ச்சியில் 2,481 பேரைச் சேர்த்துப் பேச்சுச் சிகிச்சை கொடுத்துப் பார்த்தார்கள். மனசு தேறியது; ஆனால், மறு மாரடைப்போ மரணமோ குறையவில்லை. 2018-ல் கொரியாவில் 300 பேரிடம் நடந்த ஆராய்ச்சியில், எஸ்சிட்டலோபிராம் என்ற மாத்திரையை ஆறு மாதம் சாப்பிட்டவர்களுக்குப் பின்வந்த எட்டு வருஷங்களில் இதயத் தொல்லைகள் குறைவாக வந்தன. இரண்டும் இரண்டு விதமாகத்தான் இருக்கிறது. ஆனால், சகோதரிகளே, ஆயுசைக் கூட்டினால்தானா மருந்து? ராத்திரி தூங்குவதும், பேரனை மடியில் வைத்துக்கொள்வதும், மாத்திரையை மனசாரப் போடுவதும் வாழ்க்கை இல்லையா?

வீட்டில் நாம் செய்யக் கூடியது

மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டு நகராமல், விழுங்கும் வரை பக்கத்தில் உட்காருங்கள். போலீஸ்காரர் மாதிரி நிற்க வேண்டாம். ஒரு டம்ளர் வெந்நீரோடு நாலு வார்த்தை பேசினால் போதும்.

"தைரியமா இருங்க, எல்லாம் மனசுலதான் இருக்கு" என்ற உபதேசம் உதவாது. அவரால் முடிந்தால் இருக்க மாட்டாரா? "என்ன பயமா இருக்கு, சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை சும்மா இருங்கள்.

டாக்டர் அனுமதித்த அளவு நடக்க வையுங்கள். இதய நோய்க்கும் மனச்சோர்வுக்கும் ஒரே மருந்து உண்டென்றால் அது நடைதான். வெயில் ஏறுமுன் வாய்க்கால் கரையில் பத்து நிமிஷத்தில் தொடங்கி, டாக்டர் சொல்கிறபடி கூட்டிக்கொண்டே போகலாம். தனியாக அனுப்பாமல் கூடவே போங்கள். பேச்சும் தானாக வரும்.

பொறுப்பை மொத்தமாகப் பிடுங்கிவிடாதீர்கள். மம்முட்டி பிடிக்க முடியாவிட்டால் என்ன? விதைநெல் கணக்கு, கூலிக் கணக்கு, எந்த மடையை எப்போது திறப்பது என்ற யோசனை எல்லாம் அவரிடமே இருக்கட்டும்.

சாப்பாட்டு விஷயத்தில் சண்டை வேண்டாம். ஊறுகாய், அப்பளம், வடாம், கருவாடு இவற்றின் உப்பைக் குறைக்கத்தான் வேண்டும். ஆனால், அவருக்கு மட்டும் பத்தியத் தட்டு வைத்துவிட்டு மற்றவர்கள் அப்பளம் நொறுக்கினால், அவர் மனசு என்ன பாடுபடும்? வீடு முழுவதற்கும் உப்பைக் குறைத்துவிடுங்கள்; எல்லோருக்கும் நல்லது.

இளம் மனைவியர் கேட்கத் தயங்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மாரடைப்புக்குப் பின் தாம்பத்தியம் கூடாது என்ற பயத்திலேயே பல தம்பதிகள் ஒதுங்கிப் படுத்து, மனசாலும் ஒதுங்கிவிடுகிறார்கள். நெஞ்சுவலியோ மூச்சுத் திணறலோ இல்லாமல் இரண்டு மாடிப் படி ஏற முடிகிறவருக்குப் பொதுவாகத் தடையில்லை என்கிறார்கள் டாக்டர்கள். கூச்சப்படாமல் உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. "நான் போயிட்டா ஒங்களுக்கெல்லாம் நிம்மதி", "இனிமே இருந்து என்ன" என்ற பேச்சு வந்தால் சும்மா சொல்கிறார் என்று தள்ளாதீர்கள். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அவரைத் தனியே விடாதீர்கள். பயிர்களுக்கு அடிக்கும் பூச்சி மருந்தை வீட்டில் வைக்காமல் அப்புறப்படுத்திப் பூட்டி வையுங்கள். அன்றே டாக்டரிடம் போங்கள். 14416 என்ற 'டெலி-மானஸ்' எண் 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது. ராத்திரி பகல் எந்நேரமும் காசில்லாமல் தமிழிலேயே பேசலாம். தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இதயப் பிரிவும் உண்டு, மனநலப் பிரிவும் உண்டு. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ரத்தக்கொதிப்பு, சர்க்கரை மாத்திரை கொண்டுவரும் பெண்ணிடமும் விஷயத்தைச் சொல்லலாம். எங்கே போவது என்று வழி காட்டுவாள்.

உங்கள் நெஞ்சு எப்படி இருக்கிறது?

அன்று டாக்டர் அறையிலிருந்து கிளம்பும்போது நடந்ததைச் சொல்ல வேண்டும். சீட்டை மடித்து இடுப்பில் செருகிய பெரியம்மாவைப் பார்த்து டாக்டர், "உங்களுக்கு எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டிருக்கிறார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவளை யாரும் அப்படிக் கேட்டதில்லை போலிருக்கிறது. நின்ற இடத்திலேயே அழுதுவிட்டாள்.

விசாரித்தால், இரண்டு மாதமாக அவளுக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, முதுகு கடுக்கிறது, ராத்திரி தூக்கமில்லை. "அவுங்களே முடியாம இருக்கும்போது என் கதை எதுக்குங்க" என்று யாரிடமும் சொல்லவில்லை. பார்த்தால் ரத்தக்கொதிப்பு ஏறிக் கிடந்தது.

பெண்களுக்கு இதயநோய் வராது என்பது தப்பு எண்ணம். நெஞ்சுவலியோடு, அல்லது அது இல்லாமலே, மூச்சுத் திணறல், தாடையிலும் முதுகிலும் வலி, குமட்டல், காரணமில்லாத அசதி என்று பெண்களிடம் அது வேஷம் மாற்றி வருவதுண்டு. நாமோ "கேஸ்" என்று சொல்லி ஓமத்தண்ணீர் குடித்துவிட்டுப் படுக்கிறோம். 1990-ல் ஜப்பானிய டாக்டர்கள் ஒரு விசித்திரத்தைக் கண்டு எழுதினார்கள்: பெரும் துக்கமோ அதிர்ச்சியோ நேர்ந்த உடனே, ரத்தக் குழாயில் அடைப்பே இல்லாமல், இதயத்தின் ஒரு பக்கம் பலூன் போல் ஊதித் தளர்ந்துவிடுகிறது. மாரடைப்பு போலவே வரும் இந்த நோய்க்கு ஆளாகிறவர்களில் பெரும்பாலோர் மாதவிலக்கு நின்ற பெண்கள்.

மனச்சோர்வும் நமக்குத்தான் கூடுதல். சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினர் 25,455 பேரிடம் விசாரித்து 2009-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், மனச்சோர்வின் அறிகுறிகள் ஆண்களில் 100-க்கு 14 பேரிடமும், பெண்களில் 16 பேரிடமும் காணப்பட்டன. நோயாளிக்குப் பத்தியம் பார்த்து, மாத்திரை எண்ணி, ராத்திரி கண்விழித்து, கடன்காரனுக்குப் பதில் சொல்கிற நமக்கும் ஒரு நெஞ்சு இருக்கிறது. அடுத்த தடவை கணவரை அழைத்துப் போகும்போது, "எனக்கும் பிரஷர் பாருங்க டாக்டர்" என்று கையை நீட்டிவிடுங்கள். அந்த இரண்டு கேள்விகளை உங்களையும் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

பொங்கலுக்கு நான் மறுபடி போனேன். பெரியப்பா முழுக்கப் பழைய மனுஷராகிவிட்டார் என்று சொல்ல மாட்டேன். ஆனால், ராத்திரி தூங்குகிறார். காலையில் பெரியம்மாவோடு வாய்க்கால் கரையில் மெதுவாக நடந்துவிட்டு வருகிறார். கதிர் முற்றிய வயலைப் பார்த்து, "மெஷினுக்குச் சொல்லியாச்சா? ஈரம் காயறதுக்குள்ளே எறக்கிடாதீங்கடா" என்று அண்ணனை அதட்டியதை நானே கேட்டேன். அந்த அதட்டல் எங்களுக்கெல்லாம் நாதஸ்வரம் போல் இருந்தது.

அந்த வெற்றிலைச் செல்லம் இப்போதும் திண்ணையில்தான் இருக்கிறது. இப்போதும் அதற்குள் மாத்திரைகள்தாம். ஒரு பக்கம் அவருடையவை, மறு பக்கம் பெரியம்மாவுடையவை. சாப்பாடு முடிந்ததும் பெரியப்பா அதைத் திறந்து வைத்துக்கொண்டு அடுக்களைப் பக்கம் குரல் கொடுக்கிறார்:

"இந்தா புள்ளே, ஒன் மாத்திரையைப் போட்டியா?"